சியாவ்மானின் ஐந்து விரல்கள்

1960-ஆம் ஆண்டு வசந்தத்தில், ஹுவாய் ஆற்றங்கரை ஊரான லியூதுவில், கூ லான்சியாங் என்பவளின் வலது கன்னத்தில் ஒரு குழந்தையின் கை நாற்பத்தொரு நாள் குழிந்து நின்றது. ஐந்து விரல்களும் உள்ளங்கையும் தெளிவாகத் தெரிந்தன. பெருவிரல் மூக்கை ஒட்டியும் சுண்டுவிரல் காதை ஒட்டியும் கிடந்ததால், குழந்தை எதிரே இருந்து இடக்கையால் அழுத்தியிருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அது சரிதான். அழுத்தியது அவளுடைய மூன்று வயது மகள் சியாவ்மான். அந்த விரல்களுக்கு உரியவள் அப்போது ஊரில் இல்லை.

அந்த ஆண்டு லியூதுவில் வீங்காத முகம் குறைவு. வீக்கம் என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்றும், காகிதங்களில் இரண்டாம் எண் நோய் என்று எழுத வேண்டும் என்றும் உற்பத்திக் குழுத் தலைவர் ஃபாங் அறிவித்திருந்தார். அவருடைய குழுவில் பசி கிடையாது என்று மாவட்டத்துக்கு அறிக்கை போயிருந்தது. மருத்துவர் செங் பழைய உப்புக்கடையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். அவர் முதலில் நாக்கைப் பார்ப்பார். ஓரத்தில் பல் தடம் இருந்தால் உடம்பில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். பிறகு மூன்று விரல்களால் நாடி பார்ப்பார். கடைசியாகக் கட்டைவிரலால் கன்னத்தை அழுத்தி, எடுத்து, மனத்துக்குள் எண்ணுவார். இமைகள் படுத்திருக்கும் பட்டுப்புழு போல உப்பி, அழுத்திய குழி உடனே எழும்பினால் அது காற்றால் வந்த வீக்கம். நுரையீரலைத் திறந்து வியர்க்க வைத்தால், மூடி தூக்கிய கெண்டியிலிருந்து நீர் இறங்குவது போலத் தண்ணீர் தானே இறங்கிவிடும். குழி மெதுவாக எழும்பினால் மண்ணீரல் சோர்ந்துவிட்டது. எழும்பவே இல்லையென்றால் சிறுநீரகத்தின் நெருப்பு அணைந்துகொண்டிருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் அவர் பெரும்பாலும் முப்பதுக்கு மேல் எண்ண வேண்டியிருந்தது.

லான்சியாங்குக்கு முதலில் இமைகள்தான் உப்பின. பொது உணவுக்கூடத்தில் கொடுத்த கஞ்சியில் அடியில் கிடந்த பருக்கைகளை அவள் மகளுக்கு ஊட்டினாள். மேலே நின்ற உப்புத் தண்ணீரைத் தான் குடித்தாள். தை மாதத்துக்குள் கன்னங்கள் நிரம்பிவிட்டன. காலையில் அம்மாவின் கன்னத்தில் விரலை வைத்தால் பள்ளம் விழுவதைச் சியாவ்மான்தான் கண்டுபிடித்தாள். அது அவளுக்கு நல்ல விளையாட்டு. ஒரு விரலை வைப்பாள், எடுப்பாள், பள்ளம் மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு சிரிப்பாள். பங்குனியில் கோரைப்புல் ஏற்றிய தெற்கத்திப் படகு ஒன்று துறையில் நின்றது. அதில் பிள்ளையில்லாத கணவன் மனைவி இருந்தார்கள். பெண் குழந்தை என்றால் எடுத்துக்கொள்கிறோம், எங்கள் பக்கம் அரிசி இருக்கிறது, ஆனால் ஊரும் பெயரும் சொல்ல மாட்டோம் என்றார்கள். லான்சியாங்கின் கணவன் தூ சாங்கென் ஒரு பகல் முழுவதும் துறையில் குந்தியிருந்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினான். படகில் தூக்கி வைக்கும்போது குழந்தை அழவில்லை. வழக்கமான விளையாட்டு என்று நினைத்து, இந்த முறை கை முழுவதையும் அம்மாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். பள்ளம் மறைகிறதா என்று பார்ப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது. பள்ளம் மறையவில்லை.

படகு போன இருபதாம் நாள் லான்சியாங்கால் படுத்து மூச்சுவிட முடியவில்லை. சாங்கென் போய்ச் செங்கை அழைத்து வந்தான். அவருடன் ஃபாங்கின் எழுத்தனும் வந்தான். அந்த நாட்களில் மருத்துவர் எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் கூடப் போனான். செங் கையின் தடத்தைத் தொடாமல் இடது கன்னத்தை மட்டும் அழுத்தி எண்ணினார். நூறு வரை எண்ணி நிறுத்திக்கொண்டார்.

“சியாவ்மான் அம்மா, இதுக்கு மேல விட்டா தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும்.”

“ஏறட்டும் ஐயா.”

“ஏறினா பதினஞ்சு நாள். அதுக்கப்புறம் நாடி பாக்க என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது.”

“வீக்கம் வடிஞ்சா இந்தக் கையும் போயிடுமா?”

செங் கதவு நிலையைப் பார்த்தார். “கை தண்ணியில இல்லம்மா. எலும்புல பதிஞ்சிருக்கு. தண்ணி வடிஞ்சா இன்னும் நல்லாவே தெரியும்” என்றார். அவள் மருந்து குடிக்கச் சம்மதித்தாள்.

இந்த வீக்கத்துக்கு மருந்து அரிசி என்பது செங்குக்குத் தெரியும். பக்கத்து ஊரில் ஒரு மருத்துவர் சீட்டில் அரிசி இரண்டு படி, வேகவைத்து உண்ணவும் என்று எழுதினார். அவரை அழைத்துப் போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அதனால் செங் மருந்துக்கடையில் இருக்கும் பொருள்களில் எவை வயிற்றை நிரப்புமோ அவற்றை எழுதினார். சிவப்புக் காராமணி, உலர்ந்த வள்ளிக்கிழங்கு வில்லை, இலந்தை, பைன் வேரில் விளையும் வெள்ளைக் காளான் கட்டி. பார்ப்பவர்களுக்கு மருந்து என்று தோன்ற வேண்டும் என்பதற்காக முசுக்கொட்டை வேர்ப்பட்டை, இஞ்சித் தோல், சாம்பல் பூசணித் தோல். சீட்டு ஃபாங்கிடம் போனது. காராமணி எதற்கு என்று அவர் கேட்டார். தண்ணீரைக் கீழே இறக்கும், புத்தகத்தில் இருக்கிறது என்றார் செங். எத்தனை வருஷமாக இருக்கிறது என்று ஃபாங் கேட்டார். ஆயிரத்து எழுநூறு வருஷமாக என்றார் செங். ஃபாங் முத்திரை குத்தினார்.

குடித்துவிட்டுச் சக்கையைத் தின்னச் சொல் என்று செங்கால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எழுத்தன் பக்கத்திலேயே நின்றான். பசித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் சாங்கென் வழக்கம் தவறாதவன். மருந்துச் சக்கையை நடுத்தெருவில் கொட்ட வேண்டும், போகிறவர் வருகிறவர் மிதித்து நோயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போவார்கள், நோயாளி அதைத் தின்றால் நோய் திரும்பிவிடும். லியூதுவில் எல்லோருக்கும் இது தெரியும். மனைவி பிழைக்க வேண்டும் என்பதால் அவன் இருபத்தொரு நாளும் வெந்த காராமணியையும் கிழங்கையும் இலந்தையையும் தெருச் சந்திப்பில் கொட்டினான். வழிப்போக்கர்கள் மிதிக்கவில்லை. குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்து, பொறுக்கித் தின்றார்கள். வேர்ப்பட்டை மட்டும் மிஞ்சியது.

கஷாயத்தில் இறங்கிய காராமணிச் சாறே லான்சியாங்குக்குப் போதுமானதாக இருந்தது. சிறுநீர் பிரிந்தது, மூச்சு சீரானது. மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் அவள் கன்னத்தில் சுண்டுவிரல் இல்லை. பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின. இருபத்தொன்றாம் நாள் உள்ளங்கையும் போய், அவள் முகம் பழைய அளவுக்கு வந்தது. அவள் உப்புக்கடைக்கு நடந்தே போனாள்.

“எலும்புல இருக்குன்னீங்களே.”

“பொய் சொன்னேம்மா” என்றார் செங். அவள் திரும்பி நடந்தாள். அவர் அடுத்த நோயாளியின் நாக்கைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்தபோது, பக்கத்தில் படுத்திருந்த சாங்கெனின் முகம் உப்பியிருப்பதையும், வலது கன்னத்தில் மூக்கை ஒட்டி ஒரு சின்னப் பெருவிரல் குழிந்திருப்பதையும் லான்சியாங் கண்டாள். அவன் மறைக்கவில்லை. “தெருவுல கொட்டறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்தேன். தெனமும் ஒரே ஒரு பிடிதான்” என்றான். மீதி விரல்களும் அந்த வாரத்திலேயே கிடைத்தன. சுட்டுவிரல் படகோட்டி ஹூவின் கன்னத்தில் இருந்தது, நடுவிரல் மியாவ் என்ற விதவையிடம், மோதிரவிரல் உணவுக்கூடத்துச் சமையல்காரனிடம். சுண்டுவிரல் குழுத் தலைவர் ஃபாங்கிடம் இருந்தது. அவர் பல்வலி என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டார். தெருவில் கிடந்த சக்கையைத் தின்றதாக அவர் ஒப்புக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவருடைய குழுவில் பசி கிடையாது. உள்ளங்கை மட்டும் யாரிடமும் இல்லை.

முகவீக்கம் காலையில்தான் அதிகம் என்பதால் லான்சியாங் தினமும் காலையில் விரல்களைப் பார்க்கப் புறப்பட்டாள். படகோட்டி அவள் வரும்வரை முதல் படகை நிறுத்தி வைத்தார். சமையல்காரன் அடுப்பைவிட்டு வெளியே வந்து கன்னத்தைக் காட்டினான். மியாவ் வாசலில் மணை போட்டு உட்கார்ந்திருப்பாள். “வா வா, உன் பொண்ணு அப்பவே எழுந்துட்டா. எந்திரிச்சதும் அம்மா எங்கன்னு ஒரே நச்சரிப்பு” என்பாள். லான்சியாங் அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைப்பாள். அவள் விரல் அதற்குப் பெரிது. ஃபாங்கின் அலுவலக வாசலில் ஏழு நாள் நின்றாள். எட்டாம் நாள் ஃபாங், எழுத்தனைத் தபாலுக்கு அனுப்பிவிட்டுத் துணியை அவிழ்த்தார். அவள் பார்க்கும் வரை சுவரில் இருந்த விளைச்சல் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியைக் கட்டிக்கொண்டார். இது பெயிலு வரை தினமும் நடந்தது. பெயிலு என்பது ஆவணிக் கடைசி, பனித்துளி வெளுக்கத் தொடங்கும் காலம்.

முதலில் போனது ஃபாங்கின் சுண்டுவிரல். மாவட்டத்தில் பதினைந்து நாள் கூட்டம் நடந்தது, அங்கே மூன்று வேளையும் கோதுமை ரொட்டி. அவர் திரும்பும்போது துணி இல்லை, கன்னம் சமமாக இருந்தது. லான்சியாங் வந்தபோது, அவளை முன்பின் பார்க்காதவர் போல என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டார். சமையல்காரனைக் கால்வாய் வெட்ட அனுப்பினார்கள். மோதிரவிரல் எங்கே எழும்பியது, எழும்பியதா என்பது தெரியாது. மியாவ் குளிர் தொடங்கும் முன் இறந்தாள். குளிப்பாட்டியது லான்சியாங். உயிரில்லாத உடம்பில் பள்ளம் எழும்பாது என்பதால் நடுவிரல் அப்படியே மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு உணவுக்கூடங்களை மூடி, வீட்டு அடுப்புகளைத் திரும்பக் கொடுத்தார்கள். கோதுமை வந்தது. மூன்று நாள் வயிறு நிறையத் தின்ற படகோட்டி ஹூ, நான்காம் நாள் துறையில் தலை குனிந்து நின்றார். “தங்கச்சி, மன்னிச்சுக்க. பசி” என்றார். ஊர் முழுவதும் அந்த மாதத்தில் முகங்கள் வடிந்தன. செங் ஐந்து எண்ணுவதற்குள் குழிகள் எழும்பின. தெருவில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் நின்று பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

சாங்கெனின் பெருவிரல் மட்டும் நின்றது. கோதுமை வந்த பிறகும் அவன் கிண்ணத்தில் பாதியைத் திரும்பச் சட்டியில் போட்டான். விடியும் முன் கொல்லையில் உப்புத் தண்ணீர் குடித்தான். லான்சியாங் அதைப் பார்த்தாள். இரண்டு மாதம் தடுக்கவில்லை. தினமும் காலையில் அவன் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொடுத்தான், அவள் பார்த்தாள். ஒருநாள் செங் வந்து அவனுடைய கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். எண்ணவில்லை. லான்சியாங்கைப் பார்த்துவிட்டுப் போனார். இந்த முறை அவர் பொய்கூடச் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

அன்று அவள் காராமணியும் அரிசியும் சேர்த்து உப்பில்லாமல் வேகவைத்தாள். சட்டியை அவன் முன்னால் வைத்து, கொல்லைப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சாப்பிடுங்க.”

“போயிடும், சியாவ்மான் அம்மா.”

“தெரியும். சாப்பிடுங்க.”

அவன் மூன்று கிண்ணம் சாப்பிட்டான். மறுநாளும் சாப்பிட்டான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெருவிரலின் விளிம்பு மழுங்குவதையும், அடி மேலே வருவதையும், நகம் இருந்த இடம் கடைசியாகச் சமமாவதையும் பார்த்தாள். ஆறு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு சாங்கென் இருபத்தாறு ஆண்டு உயிரோடு இருந்தான். தெற்கிலிருந்து கோரைப்புல் படகுகள் வந்தன. அந்தப் படகு வரவில்லை.

உள்ளங்கை தெருச் சந்திப்பில் இருந்தது. சக்கையில் யாரும் எடுக்காமல் மிஞ்சிய வேர்ப்பட்டை மட்கிய இடத்தில், சிறிய வட்டமாக, விரல்கள் இல்லாமல் குழிந்து கிடந்தது. மழை பெய்தால் அதில் ஒரு மிடறு தண்ணீர் நிற்கும். சாலை போட்டவர்கள் அதில் இரண்டு முறை சரளை கொட்டினார்கள், பிறகு ஒருமுறை சிமெண்ட் பூசினார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த மழைக்குள் பள்ளம் வந்துவிட்டது. செங் ஒருநாள் அங்கே குந்தி, ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, இது எழும்பாது என்றார். அதன் பிறகு யாரும் நிரப்பவில்லை. இப்போது அந்த இடத்தில் சைக்கிள்காரர்கள் கொஞ்சம் விலகிப் போகிறார்கள்.