விக்டோரியாவுக்குத் தலை வாரிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

எழுபத்து மூன்றாம் வருஷம், மழை விட்ட சமயம். பொன்னேரியில், மெட்ராஸ் போகிற கூடூர் பாசஞ்சரில் ஏறினேன். உட்கார இடமில்லை. ஜன்னலோரம் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், வெளியே பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மூட்டை தூக்கிப் பழகிய தோளோடு ஒரு ஆள், அவள் சடையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மரச்சீப்பைப் பல்லில் கடித்திருந்தான். ரிப்பன் அவன் தொடைமேல் கிடந்தது. எதிரே இருந்த மீன்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஓடுகிற ரயிலில் பெண்டாட்டி தலையில் கை வைத்த ஆம்பிளையை அவர்களும் முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஆள் யாரையும் சட்டை செய்யவில்லை.

நான் கொருக்குப்பேட்டையில் இறங்கிவிட்டேன். இறங்கும்போதும் சீப்பு அவன் பல்லில்தான் இருந்தது.

இரண்டு வருஷமாக அந்தச் சீப்பு என்னை உட்கார விடவில்லை. எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் கழுத்தில் சிலுவை டாலர் கிடந்தது, அதனால் விக்டோரியா என்று பெயர் வைக்கிறேன். அவனுக்கு சாலமோன். ஊர் ஆரம்பாக்கம்.

2

முதல் ஆரம்பம்:

‘விக்டோரியா இருமினாள். முந்தானையில் சிவப்பாக ஒரு பொட்டு—’

அடித்துவிட்டேன். ரத்தம் வந்துவிட்டால் உங்களுக்கு உடனே நோய் புரிந்துவிடும், நான் மேற்கொண்டு உழைக்க வேண்டாம். எனக்கே அந்தச் சோம்பல் பிடிக்கவில்லை.

இரண்டாவது:

‘விடிந்ததும் ஆரம்பாக்கத்து வரப்பில் ரயிலுக்கு ஓடும் கூட்டத்தில், அதே வயல்களில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகளே அதிகம் என்பதும், அவர்கள் கையில் அரிவாள் போய் டிபன் கேரியர் வந்திருப்பதும், நாட்டின் தொழில் வளர்ச்சி என்று நாம் சொல்லும்—’

இது கட்டுரை. பொய்யில்லை, ஆனாலும் கட்டுரை.

மூன்றாவது தேறும் என்று நினைக்கிறேன்: விக்டோரியாவால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போன அன்றிலிருந்து, அவளுக்குத் தலை வாருவது சாலமோனின் வேலையாகிவிட்டது.

3

தூக்கினால் மூச்சு வாங்கும். அதுதான் விஷயம். கையில் ஒரு கோளாறும் இல்லை. 

கும்மிடிப்பூண்டிப் பக்கம், ரயில்பாதை ஓரம் ஒரு பீங்கான் கம்பெனி. (தேடிப் போகாதீர்கள், நான் கட்டியது.) கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைக் குமிழ்களை அங்கே செய்தார்கள். மண்ணில் வார்த்துக் காயவைத்த குமிழைச் சூளைக்கு அனுப்புமுன் அதன் விளிம்பைத் தகட்டால் சுரண்டி வழவழப்பாக்குவது பெண்களின் வேலை. சுரண்டச் சுரண்ட மாவு பறக்கும். விக்டோரியா கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே சுரண்டினாள். சாயங்காலம் அவள் புருவம் வெளுத்து வரும். சாலமோனும் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கித் தவிட்டோடு வருவான். “இன்னாமே கெழவி” என்பான் இவன். “நீ மட்டும் எளவட்டமோ” என்பாள் அவள். தோட்டத்துத் தொட்டியில் ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். அவன்மேல் இருந்த தவிடு குளித்ததும் போயிற்று. அவளுடைய மாவு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

இருமல் வந்தது. டி.பி. என்றார்கள். ஊசி, மாத்திரை, முட்டை, பால். சாலமோன் மில்லுக்குப் பாதி நாள் போனான், பாதி நாள் அவளை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனான். ஊசி உடம்பை உருக்கியதே தவிர இருமலைத் தொடவில்லை. கடைசியில் மெட்ராஸில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவங்க எங்கே வேலை செய்றாங்க?” என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. இது தூசி நோய், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

காப்பாற்ற ஆஸ்பத்திரி வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தொழிலாளி அட்டை வேண்டும். வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி அவள் பெயரை எடுத்துவிட்டதால் அட்டை முடியப்போகிறது. மூன்று டாக்டர்கள் கொண்ட போர்டு ஒன்று விக்டோரியாவைப் பார்த்து, ‘தொழிலால் வந்த ஊனம், இனி உழைக்க முடியாது’ என்று எழுதினால், அட்டை அவள் ஆயுசுக்கும் ஓடும், மாதாமாதம் கொஞ்சம் உதவியும் வரும். எழுதாவிட்டால் மருந்தும் இல்லை, மூச்சுத் திணறும்போது வைக்கிற ஆக்ஸிஜனும் இல்லை.*

* சட்டம் தெரிந்தவர்கள் என்மேல் பாய வேண்டாம். விதிகளில் இன்னும் சந்து பொந்துகள் உண்டு. கதைக்காக நெரித்துச் சின்னதாக்கியிருக்கிறேன்.

மனுவை எழுதிக் கொடுத்தவன் குப்புராஜ், யூனியன்காரன். அவள் தூசியில்தான் வேலை செய்தாள் என்று கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். சாலமோன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று நின்று வாங்கினான். அவன் நின்றதை மட்டும் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம். எனக்குப் பொறுமை இல்லை.

4

போர்டு கூப்பிட்ட அன்று காலை சாலமோன் வெந்நீர் வைத்தான். சீயக்காய் தேய்த்து அவளைக் குளிப்பாட்டினான். கிறிஸ்மஸுக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிவிட்டான். பவுடர் போட்டான், கனகாம்பரம் வைத்தான். பக்கத்து வீட்டு ரோசம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

“இன்னா சாலமோனு, பொண்ணு காமிக்கவா இட்டுக்கினு போற? நோவுக்காரிய நோவுக்காரியாட்டம் இட்டுக்கினு போப்பா.”

“பெரிய டாக்டருங்கக்கா. அழுக்கா போய் நின்னா, புருசங்காரன் கவனிக்கலன்னுதானே நெனைப்பாங்க?”

அவன் பயமெல்லாம் அதுதான். விக்டோரியாவைப் பார்க்கிற யாரும் இவளுக்கு ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரயிலில் காற்று அடித்துச் சடை கலைந்ததும் பிரித்து மறுபடி பின்ன ஆரம்பித்தான். (இங்கேதான் நான் அவர்களைப் பார்த்தேன்.)

மெட்ராஸில் போர்டு ஆபீஸ் மாடியில். லிப்ட் இல்லை. விக்டோரியா முதல் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலமோன் குனிந்து அவளை அப்படியே தூக்கிக்கொண்டான்.

“யோவ், எறக்குய்யா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். மூட்டைய வுட நீ லேசு.”

“மூட்டைக்கு வெக்கம் இல்ல. எனக்குக் கீது.”

முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். மேலே இறக்கி பெஞ்சில் உட்கார வைத்து, வேர்வையைத் துடைத்து, மடிப்பைச் சரிசெய்து, மூச்சு அடங்கும்வரை விசிறினான். அவள் சமனப்பட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள். அவனை உள்ளே விடவில்லை. கதவோரம் நின்று கேட்டான்.

நடுவில் இருந்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தங்கமான மனிதர்தான், குரலே சொல்லிற்று.

“மாடி ஏறி வந்தீங்களாம்மா?”

“ஆமாங்க சார்.”

“வீட்டு வேலையெல்லாம்?”

“நடக்குதுங்க சார்.”

பேனா சத்தம் கேட்டது. சாலமோனுக்கு அந்தப் பேனாவைப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மழமழவென்று பின்னிய அந்தச் சடையை மூன்று பேருமே பார்த்தார்கள். யார் பின்னியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்த பதிலில், நோய் இருக்கிறது, உழைக்க முடியாத அளவுக்கு இல்லை என்று எழுதியிருந்தது.

5

இந்த இடம்வரை எழுதி வரதனிடம் கொடுத்தேன். சிறுபத்திரிகை நடத்துகிற சிநேகிதன். படித்துவிட்டுக் கீழே வைத்தான்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் விக்டோரியாவைப் பாத்தா நோயாளின்னே தோணலையேப்பா. பவுடர், பூ, கிண்டல். கொஞ்சம் இரும விடு. அந்த ரத்தப் பொட்டை ஏன் அடிச்சே?”

எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் பேசியது அந்த நடு டாக்டரின் பேச்சு. அப்புறம்தான் உறைத்தது, நானும் சாலமோன் செய்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இவளை உங்கள் முன்னால் கொண்டுவருமுன் குளிப்பாட்டி, பொட்டைத் துடைத்து, நல்ல வாக்கியமாகப் பார்த்துக் கட்டிவிடுகிறேன். நீங்கள் நம்பாமல் போனால் என்மேல்தான் தப்பு.

விக்டோரியாமேலும் எனக்கு ஒரு சந்தேகம். உயிர்ப் பிரச்சினையில் ஒருத்தி ‘ஏறி வந்தேன்’ என்று சொல்வாளா? சாலமோனையே கேட்க வைத்தேன்.

“ஏன்மே அப்பிடிச் சொன்ன?”

“மூணு ஆம்பளைங்க முன்னால, எம் புருசன் தூக்கிக்கினு வந்தான்னு சொல்லணுமா? நீ சொல்லுவியா?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எனக்கும் சந்தேகம் தீர்ந்தது. நம் ஊரில் சொல்ல மாட்டாள்.

6

மேல்மனுப் போட்டார்கள். இன்னொரு தடவை அதே மாடி, அதே போர்டு. அதற்கப்புறம் மனு கிடையாது. அட்டையில் கடைசி மாதம் ஓடிக்கொண்டிருந்தது. குப்புராஜ் வீட்டுக்கே வந்து திண்டாட்டத்தோடு சொன்னான்.

“அண்ணே, தப்பா நெனைக்காத. இந்த வாட்டி தலை வாராத. பழைய பொடவை போதும். படியில நீ தூக்காத. அண்ணியே ஏறட்டும். மேல போய் மூச்சு முட்டி நின்னாதான் அவங்களுக்குப் புரியும்.”

“நடுவுல வுழுந்தா?”

குப்புராஜ் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

அவன் போன பிறகு சாலமோன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். சீப்பை எடுத்து மாடத்தில் வைத்தான். மறுபடி எடுத்தான். விக்டோரியா பாயில் சாய்ந்து உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாத்துக்கு இப்ப பேஜார் பண்ற? உக்காருய்யா.”

“ஒன்ன பிச்சைக்காரியாட்டம் இட்டுக்கினு போகச் சொல்றான்.”

“நோவு உள்ள கீது. பொடவையில இல்ல.” சற்று நிறுத்தி மூச்சு இழுத்துக்கொண்டாள். “ஆனா நானே ஏர்றேன்.”

“வுழுந்துட்டேன்னா?”

“வுழுந்தா நம்புவாங்க.”

அதைக் கேட்டுக்கொண்டு அவனால் அங்கே நிற்க முடியவில்லை. தொட்டியண்டை போய் முகத்தைக் கழுவினான். அவளை இத்தனை நாள் விழாமல் பிடித்ததுதான் அவன் செய்த தப்பு என்றால், அந்த போர்டை அவன் என்னவென்று திட்டுவது? யாரும் கெட்டவர்களாக இல்லை. திட்ட ஆளில்லாத கோபம் அவன் கையிலேயே நின்றது.

7

முடிவுகள்.

அ) சாலமோன் அவளை வாரிப் பின்னித் தூக்கிக்கொண்டே போகிறான். கதவுக்கு வெளியிலிருந்து, “சார், நான்தான் தூக்கிக்கினு வந்தேன், நான்தான் சடை பின்னினேன்” என்று கத்துகிறான். நடு டாக்டர் எழுந்து நிற்கிறார்.

எனக்கு இதன்மேல் ஆசை. ஆனால் கதவோரம் கத்துகிற மூட்டைக்காரனைப் பியூன் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் விடுவான்.

ஆ) அவள் தலைவிரிகோலமாக, தனியாக ஏறுகிறாள். பாதியில் கைப்பிடி நழுவுகிறது. அப்போது—

இல்லை. வரதன் இதைப் போட்டுவிடுவான். என் கை ஓடவில்லை. உங்களை நம்ப வைக்க நான் அவளைப் படியில் தள்ள வேண்டுமா?

இ) இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாலாம் பகுதியில், சடையைப் பிரித்து மறுபடி பின்ன ஆரம்பித்தான் என்று எழுதினேன். பின்ன ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை. பிரித்ததைத்தான் பார்த்தேன். சீப்பு பல்லில் இருந்தது, தலையில் இல்லை. நான் பார்த்தது முதல் தடவை போனபோதா, இரண்டாம் தடவையா என்பதும் எனக்குத் தெரியாது. முதல் தடவை என்று நானாக வைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவையாக இருந்தால்? அவன் பாட்டுக்கு வீட்டில் பழக்கத்தில் பின்னிவிட்டு, ரயிலேறிய பிறகு குப்புராஜ் சொன்னது நினைவுக்கு வந்து, அவளைக் கலைத்துக்கொண்டிருந்தானோ? அதனால்தான் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாளோ? அல்லது கலைத்துவிட்டு, மனசு கேளாமல், மறுபடி வாரத்தான் சீப்பைப் பல்லில் வைத்திருந்தானோ? நான் கொருக்குப்பேட்டையில் இறங்காமல் பேசின் பிரிட்ஜ் வரை போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் அவர்களை அந்த மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறேன். விக்டோரியா கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். சாலமோன் ஒரு கையை நீட்டியிருக்கிறான். தூக்கவா, பிடிக்கவா, வேண்டாமென்று மடக்கிக்கொள்ளவா என்று அவன் கைக்கே தெரியவில்லை. அவள் தலை எப்படி இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். எப்படியும் மேலே வந்து சேர்வாள், வந்து நாற்காலியில் உட்காருவாள்.

நடு நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள், போய் உட்காருங்கள். அவரைப் போலவே அன்பாகத்தான் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்.

“மாடி ஏறி வந்தீங்களாம்மா?”

அவள் பதில் சொல்ல மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.