ஜம்பி மணி கோத்த கத்திக் கயிறு

கயிறு மூன்றாவது தடவையும் அறுந்தது. அறுந்த இடமும் மாறவில்லை: மடக்குக் கத்தியின் பிடி நுனியில் கயிறு கோக்கவென்று இருக்கும் துளைக்குள். ஆளே தொங்கலாம், அவ்வளவு உறுதியான தார் பூசிய வலைநூல் அது. எப்படி அறுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த முறை கத்தி என் படகுக் கூட்டாளி பாஸ்கோவின் பாதத்தில் விழுந்தது. மடங்கியிருந்ததால் தப்பித்தான். வாய் சும்மா இருக்குமா?

"கழுத்துல போடற மணிய கத்திக் கயித்துல கோத்தா இப்படித்தான், ராணியம்மா. வேஷம் கட்டி ஆடற கார்னிவல் முடிஞ்சு போச்சு, தெரியுமில்ல?"

கேப்டன் எல்ரிக் சிரிக்கவில்லை. எங்கள் பாய்ப்படகில் ஒரு சட்டம் உண்டு: இடுப்போடு கட்டாத கத்தி படகில் ஏறாது. பாய்க்கயிறு யார் காலையாவது சுற்றினால் அந்த நொடியே அறுக்க வேண்டும். கத்தி கடலுக்குள் போய்விட்டால் எதை வைத்து அறுப்பது?

"ஏவ்ரில், மணிதான் நூல அறுக்குது. அவுத்து எறிஞ்சிட்டு வெறும் கயிறு கட்டு. இல்லேன்னா நாளைக்குப் படகுப் பந்தயத்த கரையில நின்னு பாரு."

"மணி அறுக்கல, கேப்டன்."

"பின்ன, ஜம்பி வந்து அறுத்துச்சா?"

ஜம்பி என்றால் கரீபியக் கடலிலுள்ள எங்கள் கரியகூ தீவில் பேய். பேய் அண்டாமலிருக்க அணிகிற, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த விதைகள்தான் ஜம்பி மணி. கொதிக்கவைத்துத் தோல் இளகியதும் ஊசியால் துளைத்து, இரட்டை நூலில் பதினொன்று கோத்திருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் இரு பக்கமும் முடிச்சு. அதனால் மணி நகராது. நகராத மணி நூலை எப்படித் தேய்க்கும்?

"அழகுக்காகப் பிடிவாதம் பிடிக்கறா," என்றான் பாஸ்கோ.

"ஆமா, அழகுக்குத்தான். படகு மூக்குல நட்சத்திரம் வரைஞ்சு வச்சிருக்கீங்களே, அது என்ன துடுப்பா போடுது?"

கேப்டன் சுட்ட சீமைப்பலாவை மென்றபடி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே கத்தியில் மணியில்லாமல் அதே வலைநூலை இரட்டையாகக் கட்டினேன். மடக்கினேன், விரித்தேன், மடக்கினேன். எழுபது தடவைக்குப் பிறகு சுண்டி இழுத்தேன். அறுந்தது.

"இதுல மணி எங்க இருக்கு, கேப்டன்?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நூல் சரியில்லையோ என்னமோ," என்று முனகினான் பாஸ்கோ.

அறுந்த முனையை அவன் மூக்கருகே நீட்டினேன். தேய்ந்து அறுந்த நூல் பஞ்சாகப் பிரியும். இது பாதி நூல்வரை நறுக்கென்று வெட்டுப்பட்டு, மீதி மட்டும் பிய்ந்திருந்தது. அப்படியானால் வெட்டியது ஒரு கூர்மை. கத்தியில் கூர்மை எங்கே இருக்கிறது? அலகில்தானே! மடக்கினால் அதன் முனை பிடிக்குள் அந்தத் துளையருகேதான் வந்து படுக்கும்.

படகின் அடிக்குப் பூசும் சிவப்பு வர்ணத்தில் ஒரு சொட்டு எடுத்து அலகின் முனையில் தொட்டு வைத்தேன். புது நூல் கட்டி, எப்போதும்போல உள்ளங்கையால் அழுத்தி மடக்கினேன். விரித்தபோது, துளைக்குள் இருந்த நூலில் மெல்லிய சிவப்புக் கோடு.

கேப்டன் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அடப்பாவி. தன் கயித்த தானே கடிச்சிருக்கு!"

"மணிய இனிமே யாரும் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்லல. ஆனா சரி பண்ணாம நீ ஏற முடியாது, பொண்ணே."

"பண்ணிட்டுத்தான் ஏறுவேன். கயித்துல பதினோரு ஜம்பி மணியோட."

இரட்டை நூல் துளையை முழுதாக அடைத்துக்கொண்டு அலகுப் பக்கம் புடைக்கிறது. முனை அங்கேதான் படுகிறது. துளையில் மெல்லியதாக ஏதாவது இருந்தால், கத்தியின் கனம் அதைத் துளையின் வெளியோரத்துக்கே இழுத்து வைத்திருக்கும். துருப்பிடிக்காத கம்பியில் ஒரு துண்டு வெட்டி, துளையில் நுழைத்து, வளையமாக வளைத்து, முனைகளை முறுக்கி மடித்தேன். மணிக் கயிற்றை வளையத்தில் கட்டினேன். இருநூறு தடவை மடக்கி விரித்தேன். பாஸ்கோதான் எண்ணினான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பிறகு கேப்டன் தன் முழுப் பலத்தோடு சுண்டினார். கயிறு அறுபடவில்லை.

"காலையில ஆறு மணிக்கு வந்திடு," என்றார்.

துளைக்குள் கம்பி வளையம் மட்டும். கயிறு வெளியே, வளையத்தில். அலகின் முனை கயிற்றை எட்டாது.