பதினாலாம் தேதி சாவுப் பக்கம்

ஏலியாம்மாவைத் தெம்மாடிக்குழியில் புதைத்து நாற்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கென்று கல்லறைத் தோட்டத்தில் ஒதுக்கிய மூலை அது. சிலுவை கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது, குப்பையைத் தள்ளின மாதிரி தள்ளிவிட்டுப் போவார்கள். அம்மாவின் எலும்பையாவது குடும்பக் கல்லறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் மகள் ஜெஸிந்தாவுக்கு இருந்த ஒரே ஆசை. கோயிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார், விகாரியச்சன், நல்ல மனுஷர்.

"தவறி விழுந்தாங்கன்னு ஒரு துண்டுக் காகிதம் கொண்டா மோளே. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

காகிதத்துக்கு எங்கே போவது? ஆற்றில் குதித்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னது ஒரே ஒருத்தர், அப்பாவின் அண்ணன், அவளுடைய பேரப்பன் ஔதக்குட்டி. அப்போது அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வர இரண்டே நாள் இருந்தது. அவரிடம் அம்மா என்னத்தைச் சொல்ல இருந்தாளோ! தாயில்லாத பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்த்ததும் இதே பேரப்பன்தான். அவரைச் சந்தேகப்பட ஜெஸிந்தாவுக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது, என்ன செய்ய?

கோட்டயத்து நூலகத்தில் நூலகர் சோமன் சார் பழைய பத்திரிகைக் கட்டைத் தூசி தட்டி வைத்தார். ஜூலை பதினைந்தாம் தேதியில் செய்தி இருந்தது. நேற்றுக் காலை ஏழு மணிக்கு இளம்பெண் ஆற்றில் குதித்துச் சாவு, பார்த்தவர் கணவரின் அண்ணன். அவ்வளவுதான். சாவுப் பக்கத்தில் அம்மாவின் போட்டோவைத் தேடினாள், இல்லை. பதினாறிலும் இல்லை.

"இருக்கணுமே சார். அம்மா செத்த அன்னிக்கே வெள்ளத்துல வள்ளம் பிடிச்சுப் போய் பத்திரிகை ஏஜென்ட் கையில போட்டோ குடுத்தேன்னு எங்க பேரப்பன் ஈஸ்டருக்கு ஈஸ்டர் பீத்திக்குவாரு."

"முன்னாடி நாள் பாருங்க சேச்சி."

"சாவுறதுக்கு முன்னாடி எப்படி சார் வரும்? நல்லா இருக்கே!"

அலுப்போடுதான் புரட்டினாள். பதினாலாம் தேதி, ஏழாம் பக்கம், மூன்றாவது வரிசை. ஏலியாம்மா (31) காலமானார். அடக்கம் பின்னர். மேலே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸிந்தா தேதியை விரல் வைத்து மறுபடி படித்தாள். பதினாலாம் தேதிப் பத்திரிகை அன்று விடிவதற்குள் வண்டி ஏறியிருக்கும். அதில் வர வேண்டுமென்றால் பதிமூன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்றார் சோமன் சார். அந்த வாரம் பாலம் முங்கிக் கிடந்ததால் ஊருக்குப் பத்திரிகையே வரவில்லை. ஊரிலே ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை. கொடுத்தவர் கண்ணிலும்தான்.

மறுநாள் காலையில் ஔதக்குட்டி வழக்கம்போலச் சாவுப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து மேய்ந்துகொண்டிருந்தார். எண்பத்து நாலு வயசு. போட்டோ இல்லாத சாவு நாய் சாவு என்பது அவர் கட்சி. ஜெஸிந்தா நகலை நீட்டினாள், தேதியைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு.

"அட! நம்ம ஏலி! எங்கேடி கிடைச்சுது? நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்ல. எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாரு!"

"நீங்களா குடுத்தீங்க பேரப்பா?"

"பின்னே உங்கப்பனா? கொட்டுற மழையில அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்தேன். இல்லேன்னா உங்கம்மா போட்டோ இல்லாமப் போயிருப்பா. நினைச்சுப் பாரு."

ஜெஸிந்தா விரலை எடுத்தாள்.

பூதக்கண்ணாடி தேதி மேல் நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"அந்தப் பதிமூணாம் தேதி அஞ்சு மணிக்கு அம்மா எனக்குத் தலை வாரிட்டு இருந்தா பேரப்பா."

அவர் கையிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டு, பாதிரியார் வீட்டைப் பார்த்து நடந்தாள்.