பதினோரு மணிக்கு எமகண்டம்

செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றாள் ஹம்சா. வெள்ளிக்கிழமை, வீட்டை விட்டு எதையும் அனுப்பக் கூடாது. சனிக்கிழமை, பேச்சே எடுக்கக் கூடாது. ஞாயிறு ஆஸ்பத்திரிக்கே லீவு. திங்கட்கிழமை, வாரத்தைச் சாவோடு தொடங்கக் கூடாது. மிச்சமிருந்த புதனையும் வியாழனையும் அஷ்டமியும் நவமியும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. ஆக, அமெரிக்காவின் பேர்லேண்டில் ஒரு நாயை ஊசி போட்டுத் தூங்கவைக்க நல்ல நாளே கிடையாது.

"நாய்க்கு ஏது நட்சத்திரம்?" என்று எரிந்து விழுந்தார் அவள் கணவர் சேனாபதி. இந்த வீட்டுக்கே ராகு காலத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அந்தப் பெருமையைச் சொல்லாமல் காபி கொடுக்கமாட்டார். ஃப்ரிட்ஜில் தொங்கிய, தேதி கிழிக்கிற காலண்டரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"வலிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. நீதான் தள்ளிப் போட்டுப் போட்டு அதை சித்திரவதை பண்ற."

பொய்யில்லை. போண்டாவுக்குப் பின்னங்கால் எலும்பில் புற்றுநோய். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் புல்தரைக்குத் தூக்கிக்கொண்டு போவது சேனாபதிதான். தூக்கும்போது அது கத்தாது, அவர் கையை நக்கும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, தயிர்சாதத்தை விரலில் எடுத்து நீட்டினாள் ஹம்சா. போண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டது. படுத்த இடத்தையே நனைத்திருந்தது. தப்புச் செய்துவிட்ட மாதிரி அவளை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அவள் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தானே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள்.

"பதினோரு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. கிளம்புங்க."

வாரமெல்லாம் இதற்காகத்தான் சண்டை போட்டார் சேனாபதி. இப்போது ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்தத் தாளை முதல் முறையாகப் படித்தார்.

"ஹம்சா, பத்தரைலேர்ந்து எமகண்டம் போட்டிருக்கே."

அவள் நன்றாகக் கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை.

"தெரியும். பாத்துட்டுதான் ஃபோன் பண்ணேன்."

"அப்ப நாளைக்கு..."

"நாளைக்கு செவ்வாய்ங்க. அது பட்ட பாடு போதும்."

சேனாபதி ஃப்ரிட்ஜில் தலையைச் சாய்த்து, வெட்கமில்லாமல் அழுதார். இனி அவர் ஓட்டுவார் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியைத் தானே எடுத்தாள்.

அந்தச் சத்தத்துக்குப் போண்டா காதைத் தூக்கியது. வால் தரையை ஒரு தட்டுத் தட்டியது. ஊர் சுற்றக் கூட்டிப்போகிறார்கள் என்று அதற்கு அவ்வளவு சந்தோஷம்.