முதலில் வந்தவரின் எண்

கண் மருத்துவமனையின் முதல் மாடி நடைபாதையில் காலை நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சொட்டு மருந்து விட்டிருக்கும். பாவை விரிய விரிய வெளிச்சம் கூசும். நாற்பது ஐம்பது பேர், இழுத்துவிட்ட நீலத் திரைகள், மீன்தொட்டிக்குள் இருப்பது போன்ற வெளிச்சம். அவர்களைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டும். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. ஐந்து மாதமாக எனக்கு அது வசதியாக இருந்தது.

அறையில் சர்வர் இருக்கிறது. பழையது. ஊழியர்கள் அதைப் பெரியப்பா என்பார்கள். அடிக்கடி படுத்துக்கொள்ளும், தட்டி எழுப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும். அதில் ஓடும், பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

"அத்தான், பெரியப்பா எழுந்தாச்சா?"

மச்சினி வாசலில் நின்றாள். என் மனைவியின் தங்கை. கீழே பதிவு கவுன்ட்டரில் இருக்கிறாள்.

"ஓடுது."

"நல்லா ஓடுது. ஒரு ஆளைக் கொன்னுட்டு ஓடுது. கீழ வாங்க."

கவுன்ட்டர் முன்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. வலது கண்ணின் கருவிழி பால் படிந்ததுபோல் வெளுத்திருந்தது. கையில் போன்.

"இவர்தான் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர்," என்றாள் மச்சினி.

"அப்படியா தம்பி. நான் செத்துட்டேனாமே, எனக்கே தெரியல. காலையில அஞ்சு மணிக்குப் பார்த்தா என் நம்பரே இல்ல."

கருவிழி மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒன்று உண்டு. எண்ணைப் போட்டால் தன் இடம் எத்தனையாவது என்று யாரும் போனிலேயே பார்க்கலாம். பட்டியலிலிருந்து விலகவும் அந்தப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் உண்டு. இவள் எண் 1142. பதினொரு மாதம் நகர்ந்து முந்தாநாள் முதலிடத்துக்கு வந்திருந்தாள். நேற்று இரவு தானமாக ஒரு கண் வந்து சேர்ந்திருந்தது. நாளைக் காலை அறுவை. அது அவளுக்குத்தான்.

மச்சினி திரையை என் பக்கம் திருப்பினாள். 1142, நேற்று 11.12க்கு நீக்கம். காரணம்: நோயாளி இறந்துவிட்டார். தெரிவித்தவர்: கணவர்.

சமையல்காரம்மா எட்டிப் பார்த்து, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "என் வீட்டுக்காரர் போய்ப் பதினேழு வருஷம் ஆச்சு. இருந்தப்பவே ஒரு ஆபீஸ் பக்கம் போகமாட்டாரு. இப்ப எப்படி வந்து எழுதிக் குடுத்தாரு?"

மச்சினி சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பட்டியலுக்குப் பொறுப்பான டாக்டரம்மாவின் அறையில் எப்போதும் விளக்கு மங்கலாகவே எரியும். அவர் பதற்றப்படவில்லை.

"இந்த அம்மா உயிரோட இருக்காங்கன்னு எனக்கும் தெரியுது. திரும்பச் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனா ஒரு பேர் தப்பாப் போயிருந்தா மத்த இருநூறு பேரை நான் எப்படி நம்பறது? இவங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர் இருந்து, அவரும் காணாமப் போயிருந்தா?"

"பார்க்கிறேன்."

"மூணு மணி வரைக்கும் பாருங்க. என்ன நடந்துச்சு, மத்த லிஸ்ட் சரியா, ரெண்டும் சொல்லணும். இல்லன்னா கண்ணை அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அது காத்திருக்காது."

மணி பத்தரை. சமையல்காரம்மா நடைபாதையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மருந்து விடாமலே அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்டியல் நிரலை எழுதியது நான் இல்லை. எனக்கு முன்னால் யாரோ. ஐந்து மாதத்துக்கு முன் அதன் ஓட்டத்தை மட்டும் நான் மாற்றினேன். பழைய முறையில், யாராவது பக்கத்தைத் திறந்தால் அந்த நொடியில் நிரல் பிறக்கும், பதில் சொல்லும், செத்துவிடும். அடுத்தவருக்கு மறுபடி பிறக்கும். அதற்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனால் மெதுவாக இருந்தது. நான் அதை சர்வருக்குள்ளேயே நிரந்தரமாக உட்காரவைத்தேன். நான்கு பிரதிகள். ஜன்னலுக்குப் பின்னால் நான்கு குமாஸ்தாக்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதுபோல. விடியற்காலை நாலரைக்கு நான்கு பேரையும் அனுப்பிவிட்டுப் புதிதாக நான்கு பேர் வருவார்கள். வேகம் கூடியது. எல்லாரும் பாராட்டினார்கள். நான் அப்போது எந்த வார்த்தையையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

லாக் கோப்பைத் திறந்தேன். யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று சர்வர் வரிவரியாக எழுதிவைக்கும். நேற்று 11.12க்குப் போனேன்.

விலகல் கேட்டு ஒரு வரி இருந்தது. ஆனால் அது 1142இலிருந்து இல்லை. 1187.

அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். 1187இன் கணவர் தன் மனைவி இறந்ததைத் தெரிவித்திருக்கிறார். நிரல் 1142ஐ நீக்கியிருக்கிறது. பட்டியலில் 1187 அப்படியே இருக்கிறாள், நாற்பத்தைந்தாவது இடத்தில்.

திரைச்சீலை அசைந்தது. சர்வரின் விசிறி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பல மதியங்கள் எனக்குத் தூங்கியும் தூங்காமலும் போயிருக்கின்றன. இன்றும் கொஞ்ச நேரம் அப்படிப் போனது. நான்கு குமாஸ்தாக்களும் முகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யார் வந்து எந்த எண்ணைச் சொன்னாலும் காலையில் முதலில் வந்தவரின் எண்ணையே எழுதினார்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிரலில் விலக்கும் பகுதி தனியாக, தனக்கென ஒரு பெயரோடு இருந்தது. அது தனக்கு வெளியே இருக்கும் எண்ணை எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளும். பிறந்து சாகிற முறையில் அதில் தப்பில்லை. நிரந்தரமாக உட்காரவைத்தால் அது முதலில் பார்த்த எண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. பெர்ல் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். பெர்லே அதை எச்சரிக்கும். நான் ஓட்டத்தை மாற்றிய மாதம் லாக் முழுக்க அந்த ஒரே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. நான் எச்சரிக்கைகளை அணைத்துவிட்டேன்.

சோதித்துத்தான் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். தனியாகச் சோதித்தேன். ஒரே ஆள் வந்தால், முதலில் வந்தவரும் அவர்தான், கடைசியில் வந்தவரும் அவர்தான். எல்லாம் சரியாக இருந்தது.

நடைபாதைக்குப் போய் சமையல்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, தினமும் அஞ்சு மணிக்கா பார்ப்பீங்க?"

"அஞ்சரைக்கு அடுப்படியில நிக்கணும். அப்புறம் போனைத் தொட நேரம் ஏது? அதான் எழுந்ததும் பார்த்துடுவேன்."

"ஒரு தடவைதானா?"

"எங்க ஒரு தடவை. உங்க கம்ப்யூட்டர் தூக்கக் கலக்கத்துல மெதுவா வரும். நான் விடாம அமுக்குவேன். பத்து தடவை, பதினஞ்சு தடவை."

நான்கு குமாஸ்தாக்களும் அப்படித்தான் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தப்பா தம்பி?"

"இல்லம்மா. தப்பு உங்களது இல்ல."

ஐந்து மாத லாக் முழுவதும் தேடினேன். இங்கே விலக விரும்புகிறவர்கள் போனில் மச்சினியிடம்தான் சொல்வார்கள். அவளுக்கு வேறு நிரல். அந்தப் பொத்தானைத் தொட்டவர் 1187இன் கணவர் ஒருவர்தான். ஆனால் ஒருமுறை இல்லை. 11.12. பிறகு 11.13. பிறகு 11.20. பிறகு மாலை 6.40. 1142 முதல் தடவையே போய்விட்டதால் மற்ற மூன்றும் எதையும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அவர் மனைவியின் எண், இடம் நாற்பத்தைந்து என்று காட்டியிருக்கும்.

இரண்டே காலுக்கு டாக்டரம்மாவின் மேஜையில் லேப்டாப்பை வைத்தேன். பொய்யாக ஒரு பட்டியல், ஒரே ஒரு குமாஸ்தா. ஒன்றாம் எண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் எண்ணை விலக்கினேன். ஒன்று மறைந்தது. மச்சினியும் பின்னால் நின்று பார்த்தாள்.

"அப்ப மத்த லிஸ்ட்?"

"சரியா இருக்கு. ஒரே ஒரு பேர். 1187 போயிருக்கணும், இருக்காங்க. 1142 இருந்திருக்கணும், போயிட்டாங்க."

"யார் தப்பு?"

"என் தப்பு. எச்சரிக்கை வந்துச்சு. அணைச்சு வச்சுட்டேன்."

"ஏன்?"

"சத்தமா இருந்துச்சு."

"லாக்ல சத்தம் வருமா?"

"வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அதை அணைத்த மாதம் எது என்று மச்சினிக்குத் தெரியும். அவளும் அதே வீட்டில்தான் தரையில் படுத்துக்கிடந்தாள்.

"இதை அப்படியே எழுதிக் குடுங்க," என்றார் டாக்டரம்மா. "பொத்தானை எடுத்துடுங்க. அந்த அம்மாவை வார்டுல சேர்க்கச் சொல்லுங்க."

மச்சினி எனக்கு முன்னால் ஓடினாள். நான் போகும்போது சமையல்காரம்மா எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான்தானாமே."

"ஆமாம்மா."

"இனிமே என்னை ஒண்ணும் பண்ண முடியாது. நான் செத்துப் பிழைச்சவ." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "அப்ப உண்மையிலேயே செத்தது யாரு?"

"இன்னொரு அம்மா. அவங்களும் காத்திருந்தவங்கதான்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், தெரிகிற கண்ணால். பிறகு மச்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

அறைக்கு வந்து நான்கு குமாஸ்தாக்களையும் அனுப்பினேன். விலக்கும் பகுதியைத் திருத்தி எழுதினேன். எண்ணைக் கையில் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும்படி. பொத்தானை எடுத்தேன். எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டேன். ஒரு வேலை மிச்சமிருந்தது. 1187ஐ நான் கையால் நீக்க வேண்டும்.

மச்சினி திரும்பி வந்திருந்தாள். "அவர்கிட்ட போன்ல சொல்லணும், அத்தான். நாலு தடவை முயற்சி பண்ணியிருக்கார் பாவம். நான் பேசட்டுமா? தினமும் நூறு பேர்கிட்ட பேசறவதானே."

"நான் பேசறேன்."

"நீங்களா?" என்றாள். பிறகு தன் போனிலிருந்து எண்ணை அழைத்து என் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வயதான குரல். பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். மருத்துவமனையிலிருந்து என்றேன். எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, நீங்கள் தெரிவித்தது பதிவாகவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். மனப்பாடம் செய்ததுபோல் வந்தது.

"நானும் நினைச்சேன்," என்றார். குழாயை மூடினார். "அமுக்க அமுக்க அவ நம்பர் அங்கேயே நின்னுச்சு. நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சுன்னு. சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்தேன். நாப்பத்தஞ்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் திரையில் அவர் மனைவியின் எண்ணைத் தட்டினேன்.

"இப்ப எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எடுக்கணும்ல?"

"எடுக்கணும். அவங்களுக்குப் பின்னாடி நூத்தம்பது பேர் இருக்காங்க."

"ஆமா. அவளும் அப்படித்தான் சொல்லுவா. முன்னாடி நிக்கறவன் நகரமாட்டேங்கறான்னு." அவர் மூச்சு கேட்டது. "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு," என்றேன். பிறகு, "இப்ப அவங்க இல்ல. அஞ்சு மாசம் ஆகுது."

இதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. இதுவரை எனக்காக மற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"சரி. எடுங்க தம்பி. நான் லைன்லயே இருக்கேன்."

கட்டளை திரையில் தயாராக இருந்தது. நான்கு இலக்கம், அதன் பின்னால் துடிக்கும் சிறிய கோடு. என்டர் விசையில் விரலை வைத்தேன்.