வெறும் குங்கிலியம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் மலைநாட்டு அம்பிட்டியவில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்து விஞ்ஞான ஆசிரியை, கதையும் எழுதுபவள். 'நான்' என்று தொடங்கிப் பார்த்தேன், கை கூசியது. ஆகவே அவளுக்கு யசோதினி என்று பெயர்.

2

"மழை ஓய்ந்த மாலையொன்றில், மலைச்சரிவில்—"

வேண்டாம். மழைக்கு இதில் பங்கில்லை.

பக்கத்து விருந்தினர் விடுதியில் அறை துப்புரவாக்கும் ராக்கம்மா, புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துக்காரர், கல் போன்ற ஒரு கட்டியோடு வந்தார். போலந்துப் பயணி ஒருத்தி புறப்படும்போது கையில் வைத்துவிட்டுப் போனாளாம்.

"டீச்சர், இது என்னான்னு பாத்துச் சொல்லுங்க. அந்தம்மா சொன்னது வெளங்கல."

எலுமிச்சையளவு. காய்ந்த மரப்பட்டை போலச் சொரசொரத்த, மங்கிய தவிட்டு நிறத் தோல். கல்லுக்குரிய பாரமில்லை, குளிர்ச்சியுமில்லை. யசோதினிக்குத் தெரியவில்லை. (அதைச் சொல்ல ஒரு சொல் போதும். பதினெட்டு வருடம் படிப்பித்த வாயில் அது வரவில்லை.)

"உது வெறும் குங்கிலியம், ராக்கம்மா. சாமிக்குப் போடுங்கோ."

"டீச்சரே சொல்லிட்டீங்க, அப்ப சரி."

3

மூன்று வாரம் கழித்து ராக்கம்மா ஒரு கடதாசிப் பொட்டலம் கொண்டுவந்தார்.

"தட்டித் தட்டி வெள்ளிக்கெழமைல போட்டேன். வீடெல்லாம் என்னா வாசம். மிச்சத்த ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

அவர் போனபின் பிரித்தாள். உடைந்த முகம் தேன் நிறம். சன்னலில் பிடித்தபோது உள்ளே ஓர் ஈயின் பின்பாதி. முன்பாதி தணலில் போயிருந்தது.

உப்பைக் கரைத்த தண்ணீரில் போட்டாள், மிதந்தது. துடைத்துக் கம்பளியில் தேய்த்தாள். கடதாசித் துணுக்குகள் வந்து ஒட்டின. அம்பர். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் வடிந்த மரப்பிசின்.*

4

இரண்டாம் வரைவில் ராக்கம்மாவைப் பேராசைக்காரியாக்கினேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை, கிழித்தேன்.

மூன்றாவதில் யசோதினி மறுநாளே விடுதிக்கு ஓடி மன்னிப்புக் கேட்கிறாள். அழகான வரைவு. இரண்டு மாதமாக அதைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். விடுதி நாற்பது அடி தள்ளி.

* 'சின்னக் கட்டிதானே, பெரிய விலை போகாது' என்றொரு வரி இங்கே இருந்தது. வெட்டினேன். ராக்கம்மா ஒருநாளும் விலை கேட்கவில்லை.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ராக்கம்மா உள்ளே வந்தார்.

"என்னா எழுதுறீங்க டீச்சர்?"

"கதை."

"யாரப் பத்தி?"

"எங்கட ரண்டு பேரையும் பற்றி."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணாடி கொண்டாரல. நீங்களே வாசிங்க."

மேசையில் இரண்டு வரைவுகள். ஒன்றில் அவள் மன்னிப்புக் கேட்க ஓடியவள். மற்றது இது.

யசோதினி ஒன்றை எடுத்தாள். எதை என்று எழுத என்னால் முடியவில்லை. நீங்களே எடுத்துக் கொடுங்கள்; ராக்கம்மா காத்திருக்கிறார்.