கிணற்று நீரால் கழுவிய ஏ.சி.

1

இந்தக் கதை எனக்கு மதிலுக்கு மேலால் வந்தது. கல்முனைக்குடியில் எங்கள் அயல்வீட்டுக்கு ஏ.சி. திருத்த வந்தவர், கேஸ் ஓடும் குழாய், அந்தக் கொயில், ஓட்டை என்று சொன்னது மட்டும் கேட்டது. மிச்சமெல்லாம் நான் சேர்த்தது. அயல்வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வரி இப்படி இருந்தது: பனி மூடிய அந்த நகரத்தில் ஒரு மனிதன்...

(விட்டுவிட்டேன். அது வாசித்த நாவல்களின் குளிர். இங்கே குளிருக்கு மிசின் வேண்டும்.)

2

இன்பாஸ், அஸ்னாவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்கு வந்தவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உடுப்புப் பெட்டியோடு வருவது மாப்பிள்ளை. மாமி ஸுல்பிகா மகளின் அறைக்கு ஏ.சி.யும் பூட்டிக் கொடுத்திருந்தார்.

சும்மா இருந்து சாப்பிடுகிறான் என்ற பெயர் வரக்கூடாதே. இன்பாஸ் தானாக ஒரு வேலையை எடுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்குமுன், வெளியே பூட்டிய ஏ.சி. பெட்டியையும் கிணற்று நீரால் கழுவிவிடுவான். கடலுக்குக் கிட்டிய கிணறு, தண்ணீர் உவர். தன் உடம்புக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர் மிசினை என்ன செய்துவிடும் என்று நினைத்தான். அதைச் சும்மா விடுங்கள் என்று அஸ்னா ஒருமுறை சொல்லியும் பார்த்தாள்.

(இவன் இவ்வளவு வெகுளியா என்று எனக்கே சந்தேகம். ஆனால் நல்ல பெயர் வாங்க நினைப்பவர்கள் இப்படித்தான்.)

3

பாண்டிருப்பிலிருந்து வந்த மெக்கானிக் தனஞ்சயன், போனமுறை தான் அடித்த கேஸ் எங்கே போனதென்று தேடிச் சவர்க்கார நுரை பூசினார். கொயில் முழுக்கக் குமிழி. இனிக் கேஸ் அடித்தாலும் நிற்காது, கொயிலை மாற்ற வேண்டும் என்றார். மாமி அவர் பூட்டிய விதத்தைக் குறை சொன்னார். ஊரெல்லாம் சொல்லுவார் போலிருந்தது.

"அக்கா, இத உப்புத் தண்ணியாலயா கழுவுற?" என்று அரித்துப்போன கொயிலைக் காட்டி மாமியிடம் கேட்டார் தனஞ்சயன்.

(ஒரு பிரதியில் இன்பாஸ் உடனே "ஓம்" என்றான். நான் நம்பவில்லை. இன்னொன்றில் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை நம்புகிறேன்.)

அடுப்படிக் குசினி வாசலிலிருந்து அஸ்னா சொன்னாள்:

"ஓம். நான்தான் கழுவச் சொன்ன."

"உனக்குப் புத்தி இல்லையா புள்ள?" என்ற மாமி, இன்பாஸின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நீங்க என்ன செய்வீங்க மருமகன். அவள் சொன்னா செய்யத்தானே வேணும்."

4

முடிவு ஒன்று: இன்பாஸ் உண்மையைச் சொல்கிறான். அஸ்னா உம்மாவின் முன்னால் பொய்க்காரியாகிறாள்.

முடிவு இரண்டு: பேசாமல் இருக்கிறான். அஸ்னா இதைப் பற்றி ஒருநாளும் கதைக்கமாட்டாள். அதை அவன் எப்படித் தாங்குவான் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

வீடு அவளுடையது. இப்போது பிழையும் அவளுடையதாகிவிட்டது.

"மாமி" என்கிறான் இன்பாஸ். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அஸ்னா வேண்டாமென்று தலையை மெல்ல அசைக்கிறாள்.

இதற்கு மேல் நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்கள் பிறந்த வீட்டில் இருந்து வாசிக்கிறீர்களா, வந்து சேர்ந்த வீட்டில் இருந்தா என்பது எனக்குத் தெரியாது.